சறுக்கும் வண்டியும் சாரதியின் கையும்

வழுக்குதல், சறுக்குதல், இழுக்குதல் என மூன்று சொற்கள் தமிழில் உள. மூன்றையும் ஒரு பொருளனவாகவே அகராதிகள் கொள்ளும். ஊன்றி நோக்குவார்க்கு அவை ஒன்றல்ல. வழுக்குதல் பெரும்பாலும் நிலத்தின் மேலது. 'தரை வழுக்குகின்றது' என்கின்றோம். சறுக்குதல் செல்பவன் மேலது. 'கால் சறுக்கிவிட்டது' என்கின்றோம். இழுக்கல் என்பது பழைய வழக்கு. வழுக்கு நிலத்துக்கும் அதுவே பெயர். ஒழுக்கத்தினின்றும் வழுவுதலுக்கும் அதுவே பெயர். இவ்விரு பொருளும் உள்ளத்திற் கிடக்கப்போலும், திருவள்ளுவர் கேள்வி என்னும் அதிகாரத்திலே நல்லாருடைய வாய்ச்சொல்லை, வழுக்கு நிலத்திற் செல்வானுக்கு உதவும் ஊன்றுகோலுக்கு ஒப்பிட்டார்.

அவ்வுவமையை மாணவர்க்குக் கற்பிக்குந்தோறும் ஓர் ஐயம் எழுவதுண்டு. நடப்பவன் சறுக்கும்போது கோல் அவன் கையிலே இருக்கின்றது. மணிக்கு அறுபது கிலோமீற்றர் வேகத்தில் ஓடும் மோட்டார் வண்டி சறுக்கும்போது சாரதியின் கையில் இருப்பது யாது? அந்த இரண்டொரு செக்கனிலே எவருடைய சொல் அவனுக்கு உதவும்? யான் வண்டி ஓட்டுபவனல்லன். ஆயினும் முப்பது ஆண்டுகளாகப் பிறர் ஓட்டும் வண்டிகளிலே முன்னாசனத்தில் இருந்து வருபவன். சாரதியின் முகத்தையும் கையையும் நோக்குதற்கு அதனினும் வாய்ப்பான இடம் வேறில்லை.

முதற்கண் வண்டி ஏன் சறுக்குகின்றது என்பதைத் தெளிதல் வேண்டும். காரின் ரயர் ஒன்று நிலத்தைத் தொடும் பரப்பு ஏறக்குறைய ஓர் உள்ளங்கை அளவினது. நான்கு சில்லுக்கு நான்கு உள்ளங்கை. ஓராயிரம் கிலோகிராமளவான பாரத்தை வீதியோடு பிணித்து வைத்திருப்பது அவ்வளவே. உருளுகின்ற சில்லிலே ஒரு வியப்பு உண்டு. வண்டி எத்துணை விரைவாய் ஓடினும், நிலத்தைத் தொடுகின்ற அந்தச் சிறு பகுதி, தொடுகின்ற அக்கணத்தில், நிலத்தின்மேல் ஏறத்தாழ அசைவற்று நிற்கின்றது. அடி ஊன்றி ஊன்றி நடப்பவனுடைய பாதம் போல என்க. அந்த ஊன்றுதல் உள்ளவரையிலேதான் திருப்பினால் வண்டி திரும்பும், பிடித்தால் நிற்கும். பிறேக்கை வன்மையாக மிதித்துச் சில்லைச் சுழலாதபடி இறுக்கிவிட்டால் பாதம் ஊன்றுவதை விட்டுத் தேய்க்கத் தொடங்குகின்றது. தேய்க்கும் ரயருக்குத் திசை இல்லை. முன்சில்லை இடப்பக்கம் திருப்பினாலென், வலப்பக்கம் திருப்பினாலென்? வண்டி தான் சென்றுகொண்டிருந்த வழியே செல்லும்.

கணக்கு விரும்புவோர்க்கு ஒரு கணக்கு. காய்ந்த தார் வீதியிலே உராய்வுக் குணகம் 0.7 அளவில் இருக்கும். நனைந்த வீதியில் அது 0.4 அளவுக்கு இறங்கலாம். பனிக்கட்டியின்மேல் 0.1 அளவே. 60 கிலோமீற்றர் வேகத்தில் வரும் வண்டி, பிறேக் பிடித்த இடத்திலிருந்து, காய்ந்த வீதியில் 20 மீற்றரில் நிற்கும். நனைந்த வீதியில் 35 மீற்றரில் நிற்கும். பனிக்கட்டியில் 140 மீற்றர் கடந்தே நிற்கும். கண் கண்டு கால் மிதிப்பதற்குள் ஒரு செக்கன் கழியுமாயின், அதற்குள்ளாகவே 16 மீற்றருக்கு மேல் ஓடிவிடும், அதனையும் கூட்டிக்கொள்க.

நம் வீதிகளிற் பனிக்கட்டி இல்லை. அதற்கு ஈடாக முதல் மழை உண்டு. வன்னியிலே மாதக்கணக்காக மழை காணாத வீதியில் எண்ணெய்ச் சொட்டும் ரயர்த் துகளும் புழுதியும் படிந்து கிடக்கும். ஐப்பசியில் முதல் தூற்றல் விழுந்ததும் இவை நீரோடு குழைந்து மெழுகாகின்றன. பெருமழை கழுவிச் சென்ற வீதியினும் அந்த முதல் அரைமணி நேரத்து வீதி கொடிது. மலைநாட்டிலோ வெட்டிய கரைமண் கரைந்து வளைவுகளிலே சேறாய் வந்து நிற்கும். அதிவேக வீதியின் துன்பம் வேறு வகையானது. தேங்கிய நீரின்மேல் ரயர் நிலத்தைத் தொடாது மிதக்கத் தொடங்கும். ரயரின் காற்றழுத்தம் சதுர அங்குலத்துக்கு 30 இறாத்தலாயின், ஏறத்தாழ 90 கிலோமீற்றர் வேகத்திலே அது முழுவதும் மிதந்துவிடும். அமெரிக்க விண்வெளி ஆய்வு நிறுவனத்தார் விமான ரயர்களை ஆராய்ந்து கண்ட வாய்பாட்டின்படி வரும் கணக்கு இது. 2011 இல் திறக்கப்பட்ட தென்பகுதி அதிவேக வீதியின் உச்ச வேகம் 100 என்பதை இதனோடு வைத்து எண்ணுக.

இனிச் சாரதியிடம் வருவோம். தொல்காப்பியர் மெய்ப்பாடு எட்டு என்றார். அவற்றுள் மருட்கை பிறக்கும் களன்கள் நான்கு என்றும், அவை புதுமை, பெருமை, சிறுமை, ஆக்கம் என்றும் வகுத்தார். அச்சத்துக்கும் நான்கு வகுத்தார்: அணங்கு, விலங்கு, கள்வர், தம் இறை. சறுக்கும் வண்டியை இந்நான்கனுள் எதிலே சேர்ப்பது என்று வகுப்பிலே மாணவன் ஒருவன் வினாவினான். 'அணங்கில்' என்றான் பின்வாங்கிலிருந்து ஒருவன். எல்லோரும் நகைத்தோம். ஆயினும் அவ்வினா வீண் வினா அன்று. வண்டி சறுக்கத் தொடங்கும் முதற் கணத்திலே சாரதியை வந்து பற்றுவது அச்சமன்று, மருட்கை. அதுகாறும் சொல்வழி கேட்ட வண்டி கேளாதொழிகின்றது. கை திருப்புகின்றது, வண்டி திரும்பவில்லை. இந்தப் புதுமையை அறிவு விளங்கிக்கொள்வதற்குள் அரைச் செக்கனோ ஒரு செக்கனோ கழிந்துவிடுகின்றது. அச்சம் அதன் பின்னரே வருகின்றது. வந்து காலிலும் கையிலும் கண்ணிலும் அமர்கின்றது.

கால் பிறேக்கைத் தேடுகின்றது. அதற்குக் காலை நோவதில் பயனில்லை. நாய் குறுக்கே ஓடியபோதும், பிள்ளை பந்தின்பின் பாய்ந்தபோதும், முன்னால் நின்ற பஸ் பின்னுக்கு உருண்டபோதும் காத்தது பிறேக்கே. காத்த தெய்வத்தையே கால் மீண்டும் நாடுகின்றது. சறுக்கிலே அந்தத் தெய்வம் கைவிடும் என்பதை அது எங்ஙனம் அறியும்? கையோ ஒன்றில் விறைத்துப் போகின்றது, அன்றேல் வெட்டித் திருப்புகின்றது.

மிகவும் கேடு செய்வது கண் என்பது என் கருத்து. அஞ்சிய கண் அஞ்சப்பட்ட பொருளை விட்டு அகலாது. மதகின் சுவரை அஞ்சினவன் மதகின் சுவரையே பார்க்கின்றான்; பார்க்கும் இடத்துக்குக் கை வண்டியைக் கொண்டு செல்கின்றது. இது வெறும் உவமைப் பேச்சன்று. மைக்கேல் லாண்ட், டேவிட் லீ என்னும் இருவர் வளைவான வீதியிலே வண்டி ஓட்டுவோரின் கண்ணசைவுகளை அளந்து 1994 இல் ஒரு கட்டுரை வெளியிட்டனர். வளைவுக்குள் வண்டி நுழைவதற்கு ஒன்றிரண்டு செக்கனுக்கு முன்னரே சாரதியின் கண் அவ்வளைவின் உட்புற விளிம்பைச் சென்று பற்றிக்கொள்கின்றது. கை அதன் பின்னே வருகின்றது. கண் தலைவன், கை ஏவலாளன். எந்நாளும் நன்மையே செய்த இவ்வொழுங்கு சறுக்கின்போது சாரதிக்கே பகையாகின்றது.

எங்கள் ஊரவர் ஒருவர் இருபது ஆண்டுகளுக்கு மேலாக நுவரெலியாவிலிருந்து யாழ்ப்பாணத்துக்கு மரக்கறி லொறி ஓட்டுபவர். கரட், லீக்ஸ், கோவா ஏற்றிக்கொண்டு இரவிரவாக வருவார். எழுத்துவாசனை அதிகம் இல்லாதவர். ஆனால் நிகழ்ந்ததை நிகழ்ந்த முறையிலே சொல்ல வல்லவர். அவ்வாற்றல் நம் எழுத்தாளர் பலர்க்கு வாய்க்கவில்லை. இறம்பொடைக்குக் கீழே நிகழ்ந்த ஒரு சறுக்கை அவர் எனக்கு விரித்துரைத்தார். இடப்பக்கம் மலை, வலப்பக்கம் பள்ளம், வீதி இடப்பக்கமாக வளைகின்றது. மழை. இறக்கத்திலே கியரைக் குறைத்த வேளையிற் பின்சில்லுகள் சேற்றிலே பிடியை விட்டன. லொறியின் பின்புறம் பள்ளத்தை நோக்கி வீசியது. முகம் மலையை நோக்கியது.

"கால் தன்ரை பாட்டிலை பிறேக்குக்குப் போட்டுது ஐயா. வைச்ச காலை எடுக்கிறதுதான் பெரிய பாடு. எடுத்தன். எடுத்துப்போட்டு ஸ்ரியறிங்கைப் பள்ளப் பக்கமாத் திருப்பினன். பக்கத்திலை இருந்த பெடியன் 'ஐயோ அண்ணை, அங்காலையோ' எண்டு கத்தினான்."

"பள்ளம் கண்ணிலே படவில்லையோ?" என்றேன்.

"பள்ளத்தைப் பார்த்தால் பள்ளத்துக்குத்தான் ஐயா போறது. வளைவு முடியிற இடத்திலை றோட்டு வெள்ளைக் கோடு தெரிஞ்சுது. அதை விட்டுக் கண்ணை எடுக்கேல்லை."

வண்டியின் பின்புறம் எந்தப் பக்கம் ஓடுகின்றதோ அந்தப் பக்கமாக முன்சில்லைத் திருப்பினாலன்றி முகம் வீதிக்கு மீளாது. பள்ளத்தின் பக்கம் திருப்பியதனாலேயே அந்த லொறி பள்ளத்துக்குத் தப்பியது. பக்கத்திலிருந்த பையனுக்கு அது சாவை நோக்கித் திருப்பியது போலத் தோன்றியதில் வியப்பில்லை. இன்னும் ஒரு நுட்பமும் அவர் சொன்னார். பின்புறம் நேராகி வரத் தொடங்கியவுடனேயே கையை மீட்டுவிடல் வேண்டும். நேராய் வந்து முடிந்தபின் மீட்கலாம் என்று இருந்தால் காலம் கடந்துவிடும். வண்டி மறுபக்கமாக முன்னையினும் விரைவாய் வீசும். "முதல் வீச்சிலை தப்பி ரெண்டாம் வீச்சிலை போன ஆக்கள் கனபேர்" என்றார்.

இதனை யான் இத்துணைக் கவனமாகக் கேட்டதற்கு ஒரு காரணம் உண்டு. சாரதிகளுக்குப் பயிற்சி அளிக்கும் நிலையம் ஒன்றினர், தாம் ஆங்கிலத்திலிருந்து பெயர்த்த சிறு கைந்நூல் ஒன்றைத் தமிழ் பார்த்துத் தருமாறு என்னிடம் அனுப்பியிருந்தனர். அதிலே, 'வண்டி சறுக்கினால் சறுக்கும் திசையிலேயே திருப்புக' என்று ஒரு வாக்கியம் கண்டேன். ஆங்கிலத்திலே பன்னெடுங்காலமாக வழங்கிவரும் விதி அது. பிழையான விதியும் அன்று. எங்கள் கல்லூரியிற் கற்று, இப்பொழுது ஹற்றனுக்கு அண்மையிலே தமிழ் கற்பிக்கும் ஆசிரியை ஒருவர் சிறு கார் ஒன்றை ஓட்டுபவர். அவரிடம் அவ்வாக்கியத்தைக் காட்டினேன். "மதிலை நோக்கிச் சறுக்கினால் மதிலை நோக்கியா ஐயா திருப்புவது?" என்று கேட்டார்.

நல்ல கேள்வி. 'சறுக்கும்' என்னும் பெயரெச்சத்துக்கு எழுவாய் எங்கே? சறுக்குவது முன்புறமோ, பின்புறமோ, வண்டி முழுவதுமோ? லொறிக்காரர் பின்புறம் என்று கொண்டார். பட்டறிவு அவருக்கு எழுவாயைக் கொடுத்தது. ஆசிரியை முழு வண்டி என்று கொண்டார். வாக்கியம் அதற்கு இடந்தந்தது. தோன்றா எழுவாயை வருவித்துப் பொருள் கொள்க என்று நாம் வகுப்பிலே எளிதாகச் சொல்லிவிடுகின்றோம். வருவிப்பதற்கு நேரமில்லாத இடமும் உலகில் உண்டு.

அன்றியும், சறுக்கு ஒருவகையன்று. பின்சில்லு பிடியை விடும்போது வண்டி வேண்டிய அளவினும் மிகுதியாகத் திரும்பிவிடும். மேற்கூறிய விதி அதற்கு உரியது. முன்சில்லு பிடியை விடும்போது வண்டி திரும்பவே மாட்டாது. வளைவை விட்டு நேரே செல்லும். இக்காலத்துச் சிறு கார்களிற் பெரும்பாலானவற்றை முன்சில்லுகளே இழுத்துச் செல்கின்றன. அவற்றிலே மிகுதியும் நேர்வது இந்த இரண்டாவது. அப்போது சாரதி என் செய்வான்? வண்டி திரும்பவில்லையே என்று இன்னும் திருப்புவான். திருப்பத் திருப்ப முன்சில்லு குறுக்காய் நின்று தேய்க்கும். செய்யத்தக்கது அதற்கு மறுதலை: விசையை விட்டு, திருப்பியதைச் சிறிது குறைத்தல். குறைத்தால் ரயர் மீண்டும் ஊன்றும், ஊன்றினால் திரும்பும். திரும்புவதற்காகத் திருப்புதலைக் குறைப்பது எந்த மனிதனுக்கு இயல்பாக வரும்? இருவகைச் சறுக்குக்கும் பொதுவிதி ஒன்றை எழுதி, சிறப்பு விதியை எழுதாது விட்டதே அக்கைந்நூலின் குறை.

யான் எழுதிக் கொடுத்தது இது: 'பிறேக்கை விடு. போக வேண்டிய இடத்தைப் பார். வண்டியின் பின்பக்கம் எந்தப் பக்கம் ஓடுகின்றதோ அந்தப் பக்கம் ஸ்ரியறிங்கைத் திருப்பு. பின்பக்கம் மீளத் தொடங்கியதும் நேராக்கு. முன்பக்கம் திரும்ப மறுத்தால் மேலும் திருப்பாதே, சிறிது குறை.' நண்பரான பண்டிதர் ஒருவர் ஸ்ரியறிங் என்பதைத் 'திருப்புவளையம்' என்று ஆக்கலாமே என்றார். உடன்படவில்லை. புதுச்சொல்லைப் பழக்குவதற்கு எத்தனையோ கட்டுரைகள் உள.

சொல் திருந்தியது. கை திருந்துமா? காரிகை முழுவதையும் தடையின்றி ஒப்பிக்கும் மாணவன் தானே ஒரு வெண்பா இயற்றும்போது தளை தட்டுவதை நாள்தோறும் காண்கின்றோம். ஆகவே பயிற்சியே வழி என்று தோன்றும். எனக்கும் அவ்வாறே தோன்றியது. நோர்வே நாட்டாருக்கும் அவ்வாறே தோன்றிற்று. 1979 இல் அவர்கள் சாரதிப் பயிற்சியிலே வழுக்கு வீதிப் பயிற்சியைக் கட்டாயமாக்கினர். 1988 இல் வெளிவந்த ஆய்வு, பயிற்சி பெற்ற இளைஞர்களிடையே விபத்துக் குறையவில்லை, கூடியது என்று காட்டியது. காரணம் ஆராய்ந்தவர்கள் கண்டது இது: பயிற்சி கைக்குத் தந்த திறமையினும் உள்ளத்துக்குத் தந்த துணிவு மிகுதியாக இருந்தது. ஓட்டத் தெரியும் என்று எண்ணியவன், ஓட்டலாகாத வேகத்திலே ஓட்டினான். பின்னர் ஸ்கந்திநேவிய நாடுகளிலே அப்பயிற்சியின் நோக்கமே மாறியது. சறுக்கை வெல்வதற்குக் கற்பிப்பதை விடுத்து, சறுக்கு எத்துணை எளிதில் மனிதனை வெல்லும் என்பதை அவனே கண்டுணரச் செய்தலை முதன்மையாக வைத்தனர். ஒரு பாடத்தின் பெயரை மாற்றாமலே பயனை மாற்றிய இச்செயலை ஆசிரியராவார் சிந்தித்தல் தகும். தோல்வியைக் கற்பிக்கும் வகுப்பு நம் கல்லூரிகளில் எங்கே உள்ளது?

கருவி செய்வோர் மற்றொரு வழியிலே சென்றனர். மனிதனுடைய கால் பிறேக்கை அழுத்தியே தீரும், அழுத்தட்டும், சில்லு சுழலாது நில்லாதபடி நாம் பார்த்துக்கொள்வோம் என்றனர். ஜேர்மனியிலே 1978 இல் மேர்சிடிஸ் பென்ஸ் கார்களில் பொஷ் நிறுவனத்தார் ஆக்கிய இக்கருவி பொருத்தப்பட்டது. சில்லு இறுகிப்போகும் தறுவாயில் அது பிறேக்கை ஒரு செக்கனிற் பலமுறை தளர்த்தி இறுக்கும். இதற்கு அடுத்த படி, 1989 இலே சுவீடன் நாட்டுப் பனிவீதி ஒன்றிற் பிறந்தது. பிராங்க் வேர்னர்-மோன் என்னும் மேர்சிடிஸ் பொறியியலாளர் வண்டியைப் பரீட்சித்து ஓட்டும்போது சறுக்கி வீதியோரக் கிடங்கில் விழுந்தார். இழுத்தெடுக்க ஆள் வரும்வரை அங்கே காத்திருந்தபோது அந்த எண்ணம் உதித்ததாம். முதற் பரீட்சைக்கு ஒரு விளையாட்டு ஹெலிகொப்டரின் சுழல்காட்டியை எடுத்துப் பயன்படுத்தினர் என்பர். 1995 இலே கருவி விற்பனைக்கு வந்தது. 1997 இல் சுவீடன் நாட்டுப் பத்திரிகையாளர் திடீர்த் திருப்பத்தைப் பரீட்சித்தபோது அதே நிறுவனத்தின் சிறு கார் ஒன்று கவிழ்ந்தது. அதன் பின்னர் அவ்வகைக் கார் அனைத்துக்கும் இக்கருவியைப் பொருத்தினர். அமெரிக்காவில் 2012 ஆம் ஆண்டு வகைக் கார்கள் முதலும், ஐரோப்பாவில் 2014 நவம்பர் முதலும் புதிய கார்களுக்கு இது கட்டாயம்.

அக்கருவி செய்வதை அறிந்தபோது வியந்தேன். சாரதி ஸ்ரியறிங்கைத் திருப்பிய கோணத்தை அது அவனுடைய கருத்தென்று கொள்கின்றது. வண்டி உண்மையிலே திரும்பும் அளவைச் சுழல்காட்டியால் அறிகின்றது. கருத்தும் செயலும் வேறுபடின், நான்கு சில்லுகளுள் ஏற்ற ஒன்றை மட்டும் பிடித்து வண்டியை அவன் கருதிய வழிக்கு மீட்கின்றது. ஆகவே கருத்துச் செவ்வையாய் இருத்தல் வேண்டும். மதகின் சுவரையே நோக்கித் திருப்பினவனுக்கு அக்கருவி மதகின் சுவருக்கே வழி செய்யும்.

இவையெல்லாம் இருந்தும் மியூனிக் நகரிலே, 1980களில், வாடகைக் கார்களிற் பாதிக்குப் பூட்டாத பிறேக்கைப் பொருத்தி, பாதிக்குப் பொருத்தாது விட்டுப் பார்த்தபோது, விபத்துத் தொகையிலே குறிப்பிடத்தக்க வேறுபாடு தோன்றவில்லை. நல்ல பிறேக் கிடைத்த சாரதிகள் அதற்கேற்பத் துணிந்து ஓட்டினர். நம் வீதிகளில் ஓடும் முச்சக்கர வண்டிகளுக்கும் பழைய பஸ்களுக்கும் இக்கருவிகள் இல்லை. ஒரே வீதியிலே இருவகை வண்டியும் ஓடுவதனால் இருவகை விதியும் வேண்டியிருக்கின்றது. பழைய வண்டியிலே பிறேக்கை விட்டுவிட்டு மிதித்தல் வேண்டும். புதியதிலே அழுத்திய காலை எடுக்கலாகாது. அழுத்தியபடியே போக வேண்டிய பக்கம் திருப்புதல் வேண்டும். கருவி வேலை செய்யும்போது மிதி காலின்கீழ் நடுங்கும், அது பழுதன்று. கைந்நூலிலே இதற்கும் இரண்டு வரி சேர்த்தேன்.

அவ்விரண்டு வரியையும் எங்கள் லொறிக்காரருக்கு வாசித்துக் காட்டினேன். அவர் இப்பொழுது புதிய சிறு லொறி ஒன்று ஓட்டுகின்றார். சென்ற மாரியில் மாங்குளத்துக்கு இப்பால் மாடு ஒன்று குறுக்கே வந்ததாம். தூறல் விழுந்துகொண்டிருந்தது. மிதித்தார், மிதி நடுங்கிற்று.

"இருபது வருசப் பழக்கம் ஐயா. கால் எடுக்கப் பார்க்குது. எடுக்காதை, எடுக்காதை எண்டு காலுக்கு வாய்விட்டுச் சொல்லிக்கொண்டுதான் பிடிச்சனான்."